காணிக்கை உறை எண் 214

கமாலியேல் அண்ணன் பழைய உறைக் கட்டை
மேசைக்கடியில் தள்ளினார்,
நான் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல்.
பார்த்துவிட்டேன்.
திரு. ரூபஸ், திருமதி ரூபஸ், எண் 88.
பன்னிரண்டு மாதத்துக்கும் அச்சடித்தது,
ஆகஸ்டிலிருந்து தொடாமலே கிடக்கிறது.

"தனி அட்டை போட்டுடலாமா?" என்றார்.
தனி என்ற சொல்லை
சூடான தேநீர்க் கோப்பைபோல்
ஓரம் பிடித்து நீட்டினார்.
குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில்
அவர் பேனா நின்றது.
வாங்கி நானே எழுதினேன்.
எழுத்து கொஞ்சம் கோணிற்று.

நான் பலதுறை மருந்தகத்தில் முகப்பில் இருப்பவள்.
நாளெல்லாம் பிறர் பெயரைக் கூப்பிடுவேன்,
பிறந்த தேதி கேட்பேன், ஒவ்வாமை கேட்பேன்,
திரையைப் பார்த்தபடி மணநிலை கேட்பேன்.
சிலர் பதில் சொல்லுமுன் ஒரு நொடி
கூரையைப் பார்ப்பார்கள்.
அந்த நொடி என்னவென்று
இந்த வருஷம்தான் தெரிந்தது.

செங்காங் வீட்டை விற்றோம்.
மத்திய சேமநிதிக்குப் போனது போக மிச்சத்தை
வழக்கறிஞர் இரண்டாகப் பிரித்தார்.
குளிர்பெட்டி எனக்கு, சோபா அவனுக்கு.
தம்பதியர் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து
என்னை நீக்கினார்கள்.
நீக்கியது யாரென்பதையும் அதுவே காட்டியது.
அவள் மகளுக்கு ஓய்வுநாள் பள்ளியில்
நோவாவின் பேழைக்கு வண்ணம் தீட்ட
நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஜெபிக்க முட்டிபோட்டால்
முதல் வரியிலேயே, எங்கள் என்ற சொல்லில்
தடுக்கி விழுவேன்.
பத்தொன்பது வருஷம் எங்கள் என்றால் இரண்டு பேர்.
எங்கள் வீடு, எங்கள் கடன், எங்கள் சண்டை.
ஒருத்தி மட்டும் எப்படி எங்கள் என்பது?
என் பிதாவே என்று சொல்லிப் பார்த்தேன்.
வரிசையில் முந்துவதுபோல் இருந்தது.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை
வேலை முடிந்து போகும் ரயிலில், கம்பியைப் பிடித்தபடி,
தமிழ் எனக்கு உதவிற்று.
நம் என்றால் கேட்பவரும் உள்ளே.
எங்கள் என்றால் கேட்பவர் வெளியே,
மற்ற எல்லாரும் உள்ளே வரலாம்.
அப்படியானால் அந்தச் சொல்லுக்குள்
தலைக்கவசத்தை மடியில் வைத்துத் தூங்கும் இந்தப் பையன்,
கீரைப் பையோடு நிற்கும் சீன அம்மா,
என்னை நீக்கியவள்,
(எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது)
பொங்கோலில், அந்தச் சோபாவில், ரூபஸ்.
வெளியே நிற்பவர் ஒருவர்தான்.
கேட்டுக்கொண்டிருப்பவர்.

ஈசூனில் இறங்க மறந்தேன்.
செம்பவாங்வரை போய்த் திரும்பினேன்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
அவன் பெயரைச் சொல்லி ஜெபித்ததும் இல்லை.
அந்தச் சொல்லுக்குள் இருக்கட்டும்,
அந்த ஓரமாக.

வீட்டுக்கு வந்து அடையாள அட்டையை எடுத்தேன்.
தபித்தா டி/ஓ அருள்முத்து.
ரூபஸ் அதில் எங்கேயும் இல்லை,
எப்போதும் இருந்ததில்லை.
பத்தொன்பது வருஷமும் பர்சுக்குள்
நான் மகளாகவே இருந்திருக்கிறேன்.
அப்பா போய் எட்டு வருஷம்.
மகள் மட்டும் காலாவதி ஆகவில்லை.
அன்றிரவு முட்டிபோட்டு
எங்கள் என்றேன்.
தடுக்கவில்லை.

என் பெயர்க்காரி ஒருத்தி
செத்து, கூப்பிட்டதும் எழுந்தாளாம்.
எனக்கு அவ்வளவு இல்லை.
காய்ச்சல் விட்ட காலையில்
கஞ்சி குடிக்கலாமா என்று தோன்றுமே,
அதுபோல்தான்.

ஐந்து மணிக்குத் தமிழ் ஆராதனை.
முந்திய ஹொக்கியென் சபையார் விட்டுப்போன சூடு
இன்னும் நாற்காலிகளில்.
காணிக்கைப் பை வரிசை வரிசையாக வந்தது.
புது உறை. தபித்தா, எண் 214.
பசை நாக்கில் கசந்தது.
இருபது வெள்ளி.
ஒட்டியதைப் பிரித்து, கடைசி நேரத்தில்
இன்னும் ஒரு இரண்டு வெள்ளி.
எதற்கென்று கேட்காதீர்கள்.