ரிப்பன் கட்டுகிறவள்

நெவாடா வரைபடத்தில் மடிப்பு விழுந்து
கிழிந்துபோன இடத்தில் இருக்கிறது அந்த ஊர்.
மார்வா ஓஸ்டர்கார்டின் சாப்பாட்டு மேசையில்
இரண்டு வருஷமாய் ஓர் அட்டைப்பெட்டி.
மூடியில் அவள் கையெழுத்தில் ‘ஏப்ரல்’.
எந்த ஏப்ரல் என்று இல்லை.
எழுதியபோது அதற்கு அவசியமிருக்கவில்லை.

உள்ளே ஐம்பத்து மூன்று குதிரைகளின் பெயர்கள்,
ஊரடங்கில் திருப்பி அனுப்பியும்
போன வேகத்தில் வந்துவிட்ட காசோலைகள்.
‘வைத்திரு, எப்போது நடத்தினாலும் வருவேன்’
என்று பதினேழாம் எண்ணின் ஓரத்தில் வெண்டெல் ஸ்ட்ரேக்.
காசோலைக்கு ஆறு மாதம் ஆயுள்.
வெண்டெலுக்கு எட்டு.

இந்தப் பிப்ரவரியில் தொலைபேசியை எடுத்தாள்.
கழிப்பறை வாடகைக்காரர் தொழிலை விட்டிருந்தார்.
உலர்புல் கட்டு இரட்டை விலை.
தண்ணீர் லாரிக்காரர் கேட்டார்:
‘ஐம்பது மைல், குதிரை மேல், எதற்கு?’
நல்ல கேள்விதான்.
தேதியை மட்டும் சொல்லி வைத்தாள்.
எச்செவெரி தன் மேய்ச்சல் நிலத்துக் கதவில்
புதுப் பூட்டு போட்டிருந்தார்.
சாவியை நீட்டி ‘சாத்திவிட்டுப் போ’ என்றார்.
இரண்டு வருஷத்தில் அவர் பேசிய
மிக நீண்ட வாக்கியமாக அது இருக்கலாம்.

பிறகு ரிப்பன்.
வலதுபக்கப் புதரில், கால் மைலுக்கு ஒன்று,
திருப்பத்தில் மூன்று.
சேஜ் புதர், மருக்கொழுந்தின் முரட்டு உறவுக்காரி,
உரசிப் போனால் குதிரை வயிறும் மணக்கும்.
முதல் புதரிலேயே ஒரு ரிப்பன் இருந்தது.
அவள் போடும் முடிச்சு.
இளஞ்சிவப்பு போய், எலும்பு நிறம்.
அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.
ஒன்றை எலி உருவிப்போய்க் கூட்டில் செருகியிருந்தது.
வெளுத்ததன் பக்கத்தில்
புதிதைக் கட்டிக்கொண்டே போனாள்.

முப்பத்தோராம் மைலில்
ஒற்றை ஜூனிப்பர் நிற்கும் மேடு.
சுற்றுவட்டாரத்தில் சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான்.
அன்று அழைப்பு வந்ததும் அங்கேதான்:
எல்லாம் ரத்து.
மரப்பட்டையில் சிக்கியபடி
இறுக்காமல் விட்ட பாதி முடிச்சு.
அதற்கப்பால் புதர்கள் வெறும் புதர்கள்.
குதிரை நிற்கவில்லை, அதற்கென்ன தெரியும்.
அவள்தான் கடிவாளத்தை இழுத்து, இறங்கி,
அந்த முடிச்சை முடித்தாள்.

விடியலில் முப்பத்தெட்டுப் பேர்.
சேணவாரில் இரண்டு துளை தள்ளிப்போன குதிரைகள்,
பெல்ட்டில் மூன்று துளை தள்ளிப்போன மனிதர்கள்.
பதினேழை யாருக்கும் தருவதில்லை என்றிருந்தாள்.
நோரீன் வந்தாள், வெண்டெலை விவாகரத்து செய்தவள்,
டிரெய்லரில் அவன் குதிரை பிஸ்கட்.
‘அந்தக் கணக்கில் பாதி என் பணம்’ என்றாள்.
மார்வா மெழுகுக் குச்சியை எடுத்து
பிஸ்கட்டின் பின்தொடையில் எழுதினாள்:
ஒன்று, ஏழு.

இரண்டாம் சோதனைச் சாவடியில்
பிஸ்கட்டின் நாடி எழுபத்திரண்டு.
அறுபத்து நான்குக்கு இறங்கினால்தான் மேலே போகலாம்.
கழுத்தில் பஞ்சு பஞ்சாகத் தண்ணீர் பிழிந்தார்கள்.
டாக்டர் இமோஜின் முன்னங்கால் இடுக்கில்
ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள்.
பேச்செல்லாம் நின்றது.
மாலைதோறும் எண்கள் ஏறுவதைக் கேட்டுக் கேட்டுப்
பழகிப்போன ஜனம்.
எழுபது.
அறுபத்தெட்டு. குதிரை சாணி போட்டது, யாரோ சிரித்தார்கள்.
அறுபத்தேழில் நின்று யோசித்தது.
நோரீன் அதன் காதில் என்னமோ திட்டினாள்,
வெண்டெலைத் திட்டிய அதே குரலில்.
அறுபத்து மூன்று.

கடைசிக் குதிரை வந்து சேர்ந்தபோது
பீன்ஸ் ஆறிப்போயிருந்தது.
முதலில் வந்தது யார் என்று கேட்டால்
மார்வா தாளைப் பார்த்துத்தான் சொல்வாள்.
எச்செவெரியின் கதவைச் சாத்தி, பூட்டி,
ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.

நாளை அவிழ்க்க வேண்டும்.
முப்பத்தோராம் மைல் வரை
புதருக்கு இரண்டு.