ஒன்பதாம் மாடிக்கு இருபது டெட்ரி

யார் முகத்தில் விழித்தோமோ என்று
எத்தெரியால் அடுத்தவரைப் பழிக்க முடியாது.
தனியாக இருப்பவள்.
குளியலறைக் கண்ணாடியில்
பற்பசை நுரையோடு பார்த்த
அந்த முகம்தான்.

ஏழேகாலுக்கு, கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்தது கழன்று
காப்பியோடு உள்ளே போனது.
எட்டு மணிக்கு, நீட்டிய கையைப் பார்த்தும்
மினிபஸ் நிற்கவில்லை.
நிற்க நேரமில்லாத வண்டிக்கு
பாவாடையில் சேறடிக்க மட்டும் நேரமிருந்தது.

திபிலீசி தண்ணீர் வரி அலுவலகத்தில்
நான்காம் ஜன்னல் அவளுடையது.
கணினி படுத்துக்கொண்டது.
வரிசை எழுந்துகொண்டது.
கம்பளித் தொப்பி வைத்த ஒருவர்,
பில்லில் இருந்த பூஜ்யங்களையெல்லாம்
அவளே ராத்திரி உட்கார்ந்து வரைந்ததுபோல்
கண்ணாடித் தடுப்பைத் தட்டித் தட்டிக் கேட்டார்.
அவள் பதில் சொன்னாள்.
வாயைத் திறந்தபோதெல்லாம் பல் கூசியது.
மதியம் மேலாளர் கூப்பிட்டு
டிசம்பரில் விடுமுறை கிடையாது என்றார்.
சிரித்துக்கொண்டே சொன்னார்,
அதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் மழை.
குடை இரண்டு தெரு கூட வந்தது,
பிறகு வௌவாலாகி
வானத்தோடு போகப் பார்த்தது.
குப்பைத்தொட்டியில் அதைத் தலைகீழாக நட்டுவிட்டு நடந்தாள்.
அழலாம்,
மழையில் யாருக்கும் தெரியாது.
அழுவதற்கும்
கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

சந்தை முக்கில் ரொட்டிக்கடை நிலவறையில்.
கணுக்கால் உயரத்தில் ஜன்னல்,
அதிலிருந்து ஆவி.
குனிந்து காசை நீட்டினால்
கீழிருந்து ஒரு கை மட்டும் வரும்,
முழங்கைவரை மாவு.
ஐந்து வருஷமாக
அந்தக் கையிடம்தான் வாங்குகிறாள்.
முகம் பார்த்ததில்லை.

இன்று கை
ரொட்டியைத் தந்தது.
மீதிச் சில்லறை இல்லாததால் எல்லாக் காசையும் எடுத்துக்கொண்டது.
பிறகு உள்ளே போகாமல்
திரும்பவும் வெளியே வந்து
விரல்களை விரித்து
மழையை ஏந்திப் பார்த்தது.
"அடேயப்பா" என்றது கீழே ஒரு குரல்,
மழையை இன்றைக்குத்தான்
யாரோ கண்டுபிடித்து அனுப்பியதுபோல்.

எத்தெரிக்கு ஏனோ
இறுகியிருந்த தாடை ஒரு பக்கம் தளர்ந்தது.

ஓடம்போல் நீண்ட ரொட்டி,
இரண்டு பக்கமும் கூர்மூக்கு.
கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்,
வயிற்றில் ஒரு சின்ன அடுப்பு.
வீடுவரை பொறுக்க முடியுமா?
ஒரு மூக்கைக் கிள்ளி
பல் நன்றாக இருக்கும் பக்கம் ஒதுக்கி
மெதுவாக மென்றாள்.
காதில் மஞ்சள் பட்டை மாட்டிய தெருநாய்
நனைந்த வாலோடு கூடவே வந்தது.
"உனக்கும் டிசம்பரில் விடுமுறை இல்லையா?"
இன்னொரு மூக்கு அதற்குப் போனது.

கட்டடத்துக்குள் நுழைந்தபோதுதான் உறைத்தது.
லிஃப்டுக்கு இருபது டெட்ரி வேண்டும்.
பையைக் கவிழ்த்தாள்:
சீப்பு, பல் மருத்துவரின் பழைய சீட்டு,
ஒரு பொத்தான்.
பொத்தானைக்கூட ஒரு கணம்
காசுப்பெட்டியின் வாயருகே கொண்டுபோனாள்.
கூசி எடுத்துவிட்டாள்.
ஒன்பது மாடி.
கூந்தலைப் பிழிந்துவிட்டு ஏறலாமென்று
லிஃப்டுக்குள்ளேயே நின்றவள்
பழக்கத்தில் ஒன்பதை அழுத்தினாள்.

முனகியது.
கதவு மூடியது.
தரை மேலே தள்ளியது.

யாரோ போட்ட காசு.
போட்ட பிறகு தீப்பெட்டி ஞாபகம் வந்து
கடைக்குத் திரும்பிய யாரோ.
மூன்றாம் மாடி தாண்டுகையில் அவளுக்குப் புரிந்தது.
நான்காவதில் சிரித்தாள்.
ஆறாவதில்
லிஃப்டுக்கு வெளியே கேட்கும்படி சிரித்தாள்,
காய்கறி திருடிப் பிடிபடாத சிறுமி மாதிரி.
எட்டாவதில் விளக்கு அணைந்து எரிந்தது,
அதற்கும் சிரித்தாள்.

சமையலறையில் வெண்ணெய்க்கட்டி கொஞ்சம் இருந்தது.
மூக்கறுந்த ரொட்டியோடு
நின்றபடியே தின்றாள்.
டிசம்பர் அப்படியேதான் இருக்கிறது.
பல் இன்னும் கூசுகிறது,
நாளைக்கு மருத்துவரிடம் பணம் அழ வேண்டும்.
செருப்பு மூலையில்
குளம் கட்டிக்கொண்டிருக்கிறது.

முகம் கழுவப் போனவள்
கண்ணாடிமுன் நின்றுவிட்டாள்.
காலையில் பழித்த அதே முகம்.
மூக்கு நுனியில் மாவு.
எவ்வளவு நேரமாக இருக்கிறதோ,
நாய்கூடச் சொல்லவில்லை.

விளக்கை அணைத்தாள்.
மாவைத் துடைக்கவில்லை.