பக்கக் கண்ணாடி

மஞ்சக்குப்பம் மைதானத்தில்
காரில் உட்கார்ந்தபடி படம்.
ஓரமாய் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை.

தஸ்தகீர் கடை திரைக்கு முதுகு காட்டியது.
தார்ப்பாயில், செங்கல்லில் சாய்த்து,
வண்டியை இழந்த பக்கக் கண்ணாடிகள்
நாற்பத்தொன்று.
விரிசல் விட்டது பாதி விலை.

எல்லோரும் நிமிர்ந்து பார்க்கும் படத்தை
அவர் குனிந்து பார்க்கிறார்.
நாற்பத்தொரு நாயகர்களும்
இடது கைக்காரர்கள்.
எழுத்துகள் வலமிருந்து இடம் போகின்றன;
ஓதப் படித்தவருக்கு
அதொன்றும் புதுசில்லை.

நாயகி சாகக் கிடக்கையில்
கமலவேணி வந்தாள்,
மீன்கூடை கட்டிய ஸ்கூட்டியோடு.
"வலப்பக்கத்துக்கு ஒண்ணு குடு பாய்."
நூற்றைம்பது, எண்பது,
கடைசியில் தொண்ணூறு.

லுங்கி நுனியால் துடைத்து
அவரே முடுக்கிவிட்டார்.

கீழே நாற்பது பேர் அழுதார்கள்.
கெடிலம் பாலத்துக்குத் திரும்பும்வரை
டிக்கெட் எடுக்காமல்
அவள் கூடவே போனது
மிச்சப் படம்.