மீட்டர் கணக்கு

அறுபத்து மூன்றில் குவீன்ஸ்டவுனில்
கூரையில்லாக் கடைத்தொகுதி;
எனக்கு நாற்பத்தோரு மீட்டர்கள்.
டான் ரேடியோ கடைச் சக்கரம்
எழுதி முடிக்குமுன் அடுத்த எண்ணுக்குத் தாவும்.
மழை பெய்தால் கூட்டம்
அஞ்சடிக்குள் ஒதுங்கி இன்னும் கொஞ்சம் வாங்கும்.
பில் தப்பு என்று மாதாமாதம் சண்டைக்கு வருவார்
துணிக்கடை ஹமீதா.

ஆர்ச்சர்டில் கதவடைத்த குளிர் வந்தது.
இங்கே பகலிலும் எரிந்த விளக்குகள்
ஒவ்வொன்றாய்ச் சிக்கனம் பழகின.
பில் பாதியானபோது
ஹமீதா சண்டைக்கு வரவில்லை.

கடைசி மாதம்
நாற்பதிலும் போன மாதத்து எண்.
ஒன்றில் மட்டும் மூன்று யூனிட்.
பாதி இழுத்த இரும்புக்கதவு; உள்ளே
வெறும் அலமாரி,
சுவரில் சாமிக்குச் சிவப்பு பல்பு.
"இவரை இறக்க நல்ல நாள்
இன்னும் அமையவில்லை"
என்றார் ஓங், மலாயில்.

மூன்று என்று எழுதினேன்.