மறை மூன்று

என் வேலையின் முகவரி மறை மூன்று.
பேர்ண் நகரத்து ஆசுப்பத்திரியில்
தெருவாசல்தான் பூச்சியம்.
கீழே ஒன்றில் கார்கள் உறங்கும்,
இரண்டில் குழாய்களும் கொதிகலனும்,
அதற்கும் கீழே எங்கள் சலவைக்கூடம்.
லிப்ட் பொத்தானில் மூன்றுக்கு முன்னால் ஒரு சிறு கோடு,
எத்தனை விரல் தேய்த்தும் அழியாத கோடு.

இங்கே இறங்க இறங்க எண் பெரிதாய்த் தெரியும்,
ஆனால் சிறுத்துக்கொண்டே போகும்.
மறை ஐந்து மறை மூன்றைவிடச் சிறிது.
"உன்ர கடனைப் போலவோ?" என்பாள் யோகராணி,
தலையணை உறைகளை உதறியபடி.
ஓம், அதைப் போலத்தான்.
கணக்கில் இப்போது மறை நாலாயிரம் பிராங்.
அது ஐயாயிரமாய் வளர்ந்தால்
நான் இன்னும் குறைந்துவிட்டேன் என்று பொருள்.

நேர் மூன்றில் மகப்பேற்று விடுதி.
வாசலில் இருந்து அங்கே ஏறப் பன்னிரண்டு வினாடி,
வாசலில் இருந்து எங்களிடம் இறங்கவும் பன்னிரண்டு.
ஒருநாள் வேலையற்று எண்ணிப் பார்த்தேன்.

தை மாதம், விடிய மூன்றரை.
வெளியே வெப்பமானியில் மறை பதினொன்று.
மூன்றாம் மாடியில் இருந்து அழுக்குத் துணி வண்டியோடு நான்,
கார்ச் சாவியோடு மருத்துவிச்சி அஷ்லிமான்.
பூச்சியத்தைக் கடந்தோம்,
மறை ஒன்றைத் தொடவில்லை.
நின்றுவிட்டது.

பூச்சியத்துக்கும் மறை ஒன்றுக்கும் நடுவில்
முழு எண் எதுவும் கிடையாது.
பெட்டிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்:
இலக்கம் அணைந்து
கழித்தல் குறி மட்டும் மினுங்கியது,
எதைக் கழிப்பதென்று தெரியாமல்.

அவசரப் பொத்தானுக்குள் இருந்த குரல் இருபது நிமிடம் என்றது.
நாற்பது ஆனது.

அவள் துணிமூட்டையில் அமர்ந்தாள்.
எங்கே வேலை என்று கேட்டாள். சொன்னேன்.
"பதினான்கு வருடம், அந்தப் பொத்தானை நான் தொட்டதேயில்லை."
ஒவ்வோர் இரவும் அவள் வாசலுக்கு வண்டி தள்ளி வருகிறேன் என்று
நான் சொல்லவில்லை.

பிறகு, கேட்காமலே:
"இன்றைக்கு மூன்று பிறப்பு.
ஒன்று அழவில்லை."
சாவியைப் பார்த்தபடி இருந்தாள்.
நான் மனதுக்குள் கழிக்கப் போனேன்,
மூன்றில் ஒன்று போனால்...
அவள் மறுபடியும் சொன்னாள்: "மூன்று."

கொப்பியில் ஓர் எண்ணின் இருபுறமும்
இரண்டு நெடுங்கோடு நிறுத்துவோமே,
குறி உதிர்ந்து தூரம் மட்டும் மிஞ்சுமே,
மட்டுப் பெறுமானம் என்று அதற்குப் பெயர்.
இடத்திலும் வலத்திலும் எஃகுச் சுவர்.
நடுவில் அவள், நான்,
இன்னும் சூடு ஆறாத துணிகள்.
(வங்கி இதை ஒத்துக்கொள்ளாது.
நாலாயிரத்துக்கு வெளியே கோடு போட்டுக்கொண்டு போனால்
கோட்டை எடுத்துவிட்டு வரச் சொல்லும்.)

பெட்டி ஒரு குலுங்கல் குலுங்கி
மேலே போய்ப் பூச்சியத்தில் திறந்தது.
பழுதானால் எல்லா லிப்டும் அங்கேதான் திரும்புமாம்.
இனி படிதான் என்று இறங்கினாள்.
போகுமுன் உள்ளே கையை நீட்டி
எனக்காக ஒரு பொத்தானை அழுத்தினாள்,
பழகிய விரல்,
கோடில்லாத மூன்று.

நான் திருத்தவில்லை. ஏறினேன்.
கதவு திறந்தது. நடைக்கூடத்தின் கோடியில்
ஒரு குழந்தை வீறிட்டது.
கதவு மூடியது.
மூன்றிலிருந்து மறை மூன்றுக்கு ஆறு மாடி,
இருபத்துநான்கு வினாடி,
வழியில் எங்கும் நிற்கவில்லை.

கீழே யோகராணி வண்டியைத் தராசில் ஏற்றினாள்.
எந்தத் துணி எந்தக் கட்டிலுடையது என்று
தராசு கேட்கவில்லை.
நாற்பத்தொரு கிலோ என்றது.
முன்னால் எந்தக் கோடும் இல்லை.