பத்தாம் நம்பர்

வெயில் ஏறுமுன் முடித்துவிடலாமென்று
ஆறரைக்கே பானெட்டைத் தூக்கினேன்.
ராத்திரி முழுக்க நின்ற வண்டி,
கோயில் தூண்போலக் குளிர்ந்திருந்தது இன்ஜின்.
சூட்டோடு கழுவினால் என்ன ஆகும்,
ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறந்தால் என்ன ஆகும்
என்று எதிர்வீட்டு நாச்சியப்பனைக் கேட்டால்
முழங்கைவரை தழும்பைக் காட்டுவார்.
கேட்காவிட்டாலும் காட்டுவார்.

பள்ளத்தூரில் எங்கள் வாடகை போர்ஷன்
ஒரு பெரிய வீட்டின் வால்.
தலைவாசல் ஒரு தெருவில்,
நானும் என் வண்டியும் அடுத்த தெருவில்.
இரண்டு தெருச் செம்மண்ணும்
இன்ஜினுக்குள்தான் குடியிருந்தது.
எண்ணெய் கசிந்த இடத்தில்
அடுப்பில் பொங்கிக் காய்ந்த குழம்புபோல
ஒரு தடித்த பொருக்கு.

வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்தேன்.
சங்கிலியை நைட்டிக்குள் தள்ளி ஊசி குத்தினேன்.
தங்கமா பித்தளையா என்று
பேட்டரி பார்ப்பதில்லை.
முதலில் கறுப்பு வயர். சிவப்பின் பக்கம் போகவேயில்லை.
வீட்டிலிருந்த திருகு ஸ்பேனர்
நட்டைக் கவ்வாமல் வழுக்கி
முட்டித்தோலை எடுத்துக்கொண்டது.
அதற்குச் சரியான அளவு பத்து.
எங்களிடம் பத்து இல்லை.

ஜவுளிக்கடைப் பை ஆல்டர்னேட்டருக்கு.
இட்லிமாவுக் கவர் இரண்டு ஃபியூஸ் பெட்டிக்கு.
காற்றை இழுக்கும் வாய்க்கு மட்டும்
நல்ல தடித்த பையாகத் தேடிக் கட்டினேன்.
மொத்தம் நாலு, வாய்விட்டு எண்ணினேன்.
அவிழ்க்கும்போதும் நாலு வரவேண்டும்.

வாட்டர் சர்வீஸில் பீச்சுவதுபோல் பீச்சக்கூடாது.
பூவாளியில் ஒரு தூறல்,
சோப்பு நுரை, பெயின்ட் பிரஷ்,
பழைய டூத் பிரஷ், மறுபடி ஒரு தூறல்.
பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சைப் பொடிக்குச்
சமையல் சோடாவைக் கரைத்து விட்டேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
ஆப்பமாவுபோலப் பொங்கிச் சீறி
அடங்கியது.

தட்டுக்கு அடியில்
பிரஷ் எதிலோ இடறியது.
வேப்பஞ்சருகென்று இழுத்தேன்.
கனத்தது.

கழுவியதும் எண் தெரிந்தது.
பத்து.
பிடியில் நீல இன்சுலேஷன் டேப்.
ஆரோக்கியம் பட்டறையில்
எல்லா ஸ்பேனருக்கும் நீல டேப்தான்.

ஆவணியில் புது பேட்டரி போட்ட நாள்.
கல்யாணத்துக்கு நேரமாச்சு, சீக்கிரம் என்று
மூன்று தடவை சொன்னது நான்.
பானெட்டை அடைத்தது ஆரோக்கியம்.
பத்தைக் காணோமென்றதும்
கையைக் கட்டி நின்றது சேவுகன்.
பதினாறு வயதிருக்கும்.
கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினான்,
இரண்டு வெள்ளை நாக்குகள்
இடுப்பின் இருபுறமும் தொங்கின.
நான் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு
ஏசியைப் போட்டேன்.

அடுத்த முறை போனபோது வேறு பையன்.
ஏனென்று கேட்கவில்லை.
கார்த்திகையில் ஒருநாள்
காரைக்குடி வாழைக்காய் மண்டியில் பார்த்தேன்,
தோளில் தாரோடு.
"வண்டி நல்லா ஓடுதாக்கா?" என்றான்.

ஓடியது.
ஐந்து மாதமாய் ஏதோ லொடலொடவென்று சத்தம்,
சஸ்பென்ஷனாக இருக்குமென்று
சஸ்பென்ஷனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பனியனைக் கிழித்துத் துடைத்தேன்.
பானெட்டைத் திறந்தபடியே வெயிலில் விட்டேன்.
இடுக்குகளில் ஈரம் போக
பதினோரு மணியாயிற்று.
நாலு பையையும் எண்ணி அவிழ்த்தேன்.
கறுப்பு வயரை
இந்தப் பத்தாலேயே முடுக்கினேன்.
நட்டை அது கவ்விய கச்சிதத்தில்
எனக்குக் கண் கூசியது.

ஒரே திருகில் கிளம்பியது வண்டி.
கரண்ட் போய் வந்த கடிகாரம்
எல்லாவற்றையும் மறந்து
ஒரு மணி என்றது. நான் திருத்தவில்லை.

பட்டறைக்கு முதலிலா, மண்டிக்கு முதலிலா
என்று முடிவாகாமல்
தெருமுனையில் பிரேக்கை மிதித்து நிற்கிறேன்.
பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்தால்
பெல்ட் போடச் சொல்லிக் கத்தும் இந்த வண்டி.
ஸ்பேனரை வைத்திருக்கிறேன்.
கத்தவில்லை.