வெயிலில் என் பங்கு

கோட்டையூர் வீட்டில் எங்களுக்குப் பதினொன்றில் ஒன்று:
ஓர் இரட்டை அறை,
அதன் முன்னால் நடந்துபோகும் உரிமை,
கிணற்றில் தண்ணீர், மோட்டார் செலவு தனி.
வளவு எல்லோருக்கும் பொது.
பொது என்றால்
ஒருவரும் ஒரு தொட்டிகூட வைக்கக்கூடாது என்று பொருள்.
சோலையப்பண்ணன் அதைத் தாளில் எழுதித்
தூணில் ஒட்டியிருக்கிறார்.

அதனால் அறைக்குள்.

முதல் தடவை, சாம்பார்ப் பொடிக்கு வைத்திருந்த மல்லியை
அப்படியே தூவினேன், தயிர் டப்பாவில்.
ஒன்பது நாள்.
எறும்புகள் வந்து பங்கு பிரித்துக்கொண்டு போயின,
வக்கீல் இல்லாமல், சத்தமில்லாமல்.
அவை விட்டதைத் தண்ணீர் அழுக்கியது.
கணக்கு எழுதிப் பழகிய கை எனக்கு:
பற்று, ஒரு பிடி மல்லி.
வரவு, வாடை.

திங்கட்சந்தையில் புதினா விற்கும் மூக்காயி
காசை முடிந்துகொண்டே சொன்னாள்,
"முழுசாப் போட்டா எப்புடி மொளைக்கும்?
செருப்பால தேச்சு ரெண்டா ஒடைங்க."
செருப்பு மனம் வரவில்லை. பூரிக்கட்டை.
உருட்ட உருட்ட ஒவ்வொன்றும் பிளந்து
இரண்டு சின்னப் படகாயிற்று.
பாதி பாதியாய் ஓர் இரவு ஊறியது.

அவர் போனபின்
கோயில் ஏட்டில் நான் அரைப்புள்ளி.
வரி வாங்க வருகிறவர் அதைத்
தலை நிமிராமல் சொல்வார்.
அவரைக் குறை சொல்லவில்லை, ஏடு அப்படி.

நார்க்கட்டி செங்கல்போல் வந்தது.
வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுக்
குளித்து வருவதற்குள்
பாலில் விழுந்த பணியாரமாய் உப்பி
வாளிக்கு வெளியே எட்டிப்பார்த்தது.
கோணி ஊசியைக் காய்ச்சி
டப்பாவின் அடியில் ஐந்து ஓட்டை;
ஆறாவது என் கட்டைவிரலில்.
அடியில் பழைய தாம்பாளம்,
ஆத்தங்குடிக் கல்லில் கறை விழுந்தால்
அதற்கு வேறு கூட்டம் போடுவார்கள்.

எட்டாம் நாள் விடியலில்
கருப்பு நாரில் ஒரு பச்சைப் புள்ளி.
கண்ணாடி எடுத்துவந்து மறுபடி பார்த்தேன்.
புள்ளிதான்.
முழுசு.

பிறகுதான் சிக்கல்.
முளைத்ததெல்லாம் நூலாய் நீண்டு
கதவுப் பக்கம் சாய்ந்து நின்றது,
சாப்பாட்டுப் பந்திக்கு இடம் பிடிக்க வந்ததுபோல.
என் அறைக்கு வெயில் வராது.
பதினொன்றே காலுக்கு நிலைப்படியைத் தொட்டுவிட்டுப்
போய்விடும்.

பெட்டியைத் திறந்தேன்.
சீராக வந்த எவர்சில்வர் தட்டுகள்,
முப்பத்தொரு வருடம், தாள் பிரிக்காமல்,
விளிம்பில் புள்ளி புள்ளியாய்ப் பெயர் வெட்டி: தேனம்மை.
ஒன்றைத் துடைத்து
நிலைப்படிக்கு இந்தப் பக்கமாகவே சாய்த்து வைத்தேன்.
வெயில் தட்டில் விழுந்து, திரும்பி,
அறையின் கடைசிச் சுவர்வரை வந்தது.
அந்தச் சுவர் மஞ்சள் என்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

தட்டைச் சரிசெய்யும்போது வெளிச்சம் நழுவி
எதிர்க்கட்டில் அண்ணன் முகத்தில் விழுந்திருக்கிறது.
பேப்பரும் கையுமாய் வந்தார்.
தட்டைப் பார்த்தார், டப்பாக்களைப் பார்த்தார்,
நிலைப்படிக் கோட்டைப் பார்த்தார்.
"வளவு வெயிலு பொதுவுல்ல?"
"பொதுதாண்ணே. பதினொண்ணுல ஒண்ணுதான் எடுக்குறேன்."

அவர் கணக்குப் போடுகிறார்.
நான் போய்க் கண்ணாடித் தம்ளரில் நிற்கும்
புதினாக் குச்சிகளைத் தூக்கிப் பார்க்கிறேன்;
ஒன்றில் மட்டும் வெள்ளையாய்,
மயிரிழை அளவுக்கு ஏதோ.
வேராக இருக்கலாம்.
தண்ணீரை மாற்றுகிறேன்.

வெயில் நகர்ந்துவிட்டது.
அண்ணன் இன்னும் நிற்கிறார்.
அவர் கால் பக்கமாகக் குனிந்து
தட்டை இரண்டு விரல் கிழக்கே தள்ளுகிறேன்.